காதில் வைத்த விரல்

என் பெரியம்மாவுக்கு மூன்று பெண்கள். மூத்தவள் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டாள். கடைசிப் பெண் சொல்லாமல் கொள்ளாமல் பண்ணிக்கொண்டாள். நடுவுள்ளவள் ஒருத்திதான் நாலு பேர் அறியச் சபையில் வைத்துக் கைப்பிடித்தாள். அந்த நடு அக்காவின் வீட்டுக்காரரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். எனக்கு அத்தான் முறை.

அத்தான் சட்டை தைக்கிற கம்பெனியில் மெக்கானிக். பெரிய கூடம். வரிசை வரிசையாகத் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும். எந்த மிஷின் மக்கர் பண்ணுகிறதோ அதில் உட்கார்ந்திருக்கிற பெண் கையைத் தூக்குவாள். அத்தான் ஸ்க்ரூடிரைவரும் எண்ணெய்க் குப்பியுமாகப் போய்க் குனிவார். பேச்சு கிடையாது. அந்தச் சத்தத்தில் பேசினாலும் கேட்காது. சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகும் அவர் காதுக்குள்ளே மிஷின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அக்கா ஒன்று கேட்டால் இவர் வேறொன்று சொல்லுவார்.

அவருடையது கட்டைக்குரல் குடும்பம். அவர் அப்பா தும்மினால் எதிர்வீட்டில் தூங்குகிற பிள்ளை எழுந்துவிடும். அவர் சின்ன அத்தை, நல்ல சிவப்பான, ஒல்லியான பொம்பளை, போனில் பேசினால் எல்லாரும் 'சொல்லுங்க சார்' என்பார்கள். அந்த வம்சத்தில் வந்தவர் அத்தான். அதனால் மீசை முளைக்கிற வயசிலேயே அவரைச் சபைப் பாட்டுக்காரர்களோடு கடைசி வரிசையில் நிறுத்திவிட்டார்கள். கீழ்க்குரல்.

அந்தக் காலத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவரை எல்லாரும் ஆர்மோனியக்காரர் என்றுதான் சொல்லுவார்கள். கோபக்காரர். நாலு குரலுக்கும் நாலு இடத்தில் வைத்துச் சொல்லிக்கொடுப்பார். மேல்குரல் பெண்களுக்கு ஆலயத்துக்குள்ளே. கீழ்க்குரல் ஆம்பளைகளுக்குப் பின்னால் இருக்கிற சாமான் அறையில், கால் உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவே. எதையும் எழுதித் தர மாட்டார். அவர் பாடுவார், இவர்கள் திருப்பிப் பாட வேண்டும், அவ்வளவுதான். நாலு கூட்டத்துக்கும் தன் தன் பாகம் மனப்பாடம் ஆன பிறகுதான் ஒன்றாக நிற்க வைப்பார்.

"மேல்குரலைக் கேட்டீங்கன்னா உங்க குரல் மீன்கூடைக்காரி பின்னாடி போற பூனை மாதிரி அது பின்னாலயே போயிடும். காதைப் பொத்திக்கிட்டு உங்க வேலையைப் பாருங்க" என்பது அவர் உத்தரவு.

மற்றவர்கள் கொஞ்ச நாளில் பழகிக் காதை விட்டுவிட்டார்கள். அத்தான் விடவில்லை. பாட்டு ஆரம்பித்தால் வலது ஆள்காட்டி விரல் வலது காதுக்குள் போய்விடும். இடது காது ஏற்கெனவே கம்பெனிக்குக் கொடுத்தாகிவிட்டது. கண்ணைத் தரையில் வைத்து, விரலைக் காதில் வைத்து, ஒரு சுருதி பிசகாமல் பாடுவார். ஆர்மோனியக்காரர் செத்துப்போய் எத்தனையோ வருஷம் ஆன பிறகும் அந்த விரல் வெளியே வரவில்லை.

அக்கா மேல்குரல். அவர்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் பிடித்துப்போனது அந்தப் பாட்டுக் கூட்டத்தில்தான். முன் வரிசையில் அக்கா, அவளுக்கு நேர் பின்னால் கடைசி வரிசையில் அத்தான். பாட்டு எடுக்கும் முன் தலை நிமிர்ந்தால், காலம் பூராவும் அவர் பார்த்தது அவளுடைய பின்கொண்டையை. அவள் பாடியதை அவர் கேட்டதே இல்லை.

ஒரு தடவை நான் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தபோது இந்தப் பேச்சு வந்தது. அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"ஊர்ல எல்லாரும் என் பாட்டு நல்லா இருக்குன்னு சொல்றாங்க. கட்டின மனுஷன் ஒருத்தர்தான் கேட்டதே இல்ல" என்றாள்.

"கேட்டா நான் தப்பாப் பாடிடுவேனே" என்றார் அத்தான்.

"பாடுங்களேன். நீங்க ஒரு நாள் தப்பாப் பாடினா பரலோகம் இடிஞ்சா விழுந்துடும்?"

"அங்கதானே ஆர்மோனியக்காரர் இருக்காரு. அவரு இடிஞ்சு விழுவாரு."

அக்கா சிரித்துச் சிரித்துக் கையில் இருந்த டம்ளரைத் தொட்டிக்குள் போட்டுவிட்டாள்.

அந்தச் சபையில் ஒரு பாட்டு உண்டு. வழி தெரியாத வேளையில் விளக்குப் பிடிப்பவரே என்று ஆரம்பிக்கும். வார்த்தை மட்டும்தான் புத்தகத்தில் இருக்கிறது. ராகம் ஆர்மோனியக்காரர் தானே கட்டியது. வேறெந்தச் சபையிலும் அந்த ராகத்தில் பாட மாட்டார்கள். இவர்கள் யாரை அடக்கம் பண்ணினாலும் குழிக்கருகில் நின்று அதைத்தான் பாடுவார்கள். அக்கா பாடினால்தான் அது பாட்டு என்று சபையில் பேர். ஆனால் வீட்டில் அதை முணுமுணுக்கக்கூட மாட்டாள். நாலு குரலுக்கென்று கட்டினதை ஒற்றையாகப் பாடினால் ஒப்பாரி மாதிரி இருக்கும் என்பாள்.

அக்காவுக்கு வயிற்றில் நோவு வந்தது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகக் கொஞ்ச காலம் இழுத்துக்கொண்டு கிடந்தாள். பிறகு போய்விட்டாள். அடக்கத்தன்று அத்தான் குழிக்கு இந்தப் பக்கம் தன் ஒரே மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாட்டுக்காரர்கள் அந்தப் பக்கம். பாட்டை எடுத்தார்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மகளின் தோளில் இருந்த கை மெதுவாக ஏறி வலது காதுக்குப் போனது. இங்கே தனியாக நின்றபடியே கீழ்க்குரலைப் பாடினார். துக்கம் தாங்காமல் காதைப் பொத்திக்கொள்கிறார் என்று பக்கத்தில் நின்றவர்கள் அழுதார்கள். பழக்கம் என்று எனக்குத் தெரியும்.

அடக்கம் முடிந்த வாரம் சபை முழுக்க அந்த வீட்டில்தான் இருந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சாப்பாடு. மூடி போட்ட பாத்திரம், கைப்பிடி வைத்த தூக்கு, கண்ணாடிக் கிண்ணம், அடுக்கு டப்பா. ஒரு ஆள் சாப்பிட முடியுமா அதை? அத்தான் கீழே இருக்கிற பட்டறைக்காரருக்குக் கொடுத்தார், கம்பெனிக்குக் கொண்டுபோனார். மகள் தூரத்து ஊரில் வேலை, லீவு முடிந்து போய்விட்டாள். நானும் இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருக்கிறவள், கிளம்பிவிட்டேன். பாத்திரங்கள் மட்டும் இருந்தன. அத்தான் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சமையல்கட்டு அலமாரியில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிவைத்தார்.

அடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போனார். கடைசி வரிசையில் நின்றார். விரலைக் காதில் வைக்கப் போகிறவர் ஒரு நிமிஷம் தலையை நிமிர்த்தி முன்னால் பார்த்தார். அக்கா நின்ற இடத்தில் ஒரு பின்னல். கம்பெனியில் சட்டைக் கழுத்து தைக்கிற பெண், காலர்காரி என்று கூப்பிடுவார்கள், அவள் நின்றுகொண்டிருந்தாள். பாட்டுக்காரர்களுக்குத் தலைவர் இப்போது மருந்துக்கடைக்காரர். அவர்தான் இடம் காலியாக இருக்கக் கூடாது என்று அவளை நகர்த்தி நிறுத்தியிருக்கிறார். தப்பாக ஒன்றும் நினைக்கவில்லை, வரிசை சரியாக இருக்க வேண்டும் என்று பார்த்திருக்கிறார்.

அத்தான் பாட்டு முடிகிறவரை நிற்கவில்லை. பக்கவாசல் வழியாக இறங்கி வந்துவிட்டார்.

"ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள இடத்தை நிரப்பிட்டாங்க. பல்லு போனாக்கூட ஆறினப்பறந்தான் பல்லு கட்டுவாங்க" என்று போனில் என்னிடம் சொன்னார்.

போதகர் ஒரு தடவை தேடி வந்தார். அத்தான் நாற்காலி எடுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார், சொல்ல வேண்டியதையும் சொல்லிவிட்டார்.

"ஆண்டவருக்கு என் வீட்டு விலாசம் தெரியாதாங்க ஐயா? நான் இங்க இருந்தே கும்பிட்டுக்கிறேன்."

"அவருக்குத் தெரியும். உங்களுக்குத்தான் எங்க விலாசம் மறந்துடப் போகுது" என்றார் போதகர்.

அவர் மறுபடி வந்திருப்பார். ஆனால் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவருக்கு இப்படி ஒரு ஆள் இருப்பதே தெரியாது.

அத்தானுடைய வீடு மாடியில் இரண்டு அறை. கீழே கதவு ஜன்னல் இழைக்கிற பட்டறை. வேலை நாளில் கீழே இழைப்புளிச் சத்தம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அதுவும் கிடையாது. அன்றைக்கு அவர் குளித்து, தேய்த்த சட்டை போட்டு, செல்போனை மேசையில் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து, எதிரே நாற்காலியில் உட்காருவார். எங்கோ ஒரு பெரிய ஆலயத்தில் யாரோ ஆராதனை நடத்துவார்கள். அவர்கள் எழுந்தால் இவரும் எழுவார். அவர்கள் தலை குனிந்தால் இவரும் குனிவார். பிரசங்கம் பழைய போதகருடையதைவிட நன்றாகவே இருக்கும் என்பார். முடிந்ததும் அவர்கள் ஒருத்தருக்கொருத்தர் கை கொடுத்துக்கொள்வார்கள். இவர் எழுந்துபோய்ச் சொம்பில் இருக்கிற தண்ணீரைக் குடிப்பார்.

யாரும் குறுக்கே வராத வீட்டில் நேரம் எப்படி இருக்கும் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு டம்ளரைத் துலக்கி, அதையே எடுத்துக் குடித்து, அதையே திரும்பத் துலக்குவது. வைத்த சாமான் வைத்த இடத்திலேயே இருப்பது. "முன்னெல்லாம் என் கண்ணாடியைத் தேடணும். இப்ப எங்க வச்சேனோ அங்கயே இருக்கு. அதுதான் தாங்கல" என்றார்.

ஒரு நாள் திருவிருந்து ஆராதனை செல்போனில் ஓடியது. வீட்டில் இருப்பவர்களும் ரொட்டியும் திராட்சரசமும் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். அத்தான் கடைக்குப் போய் வாங்கிவந்து தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இவர்கள் சபையில் திருவிருந்து எடுக்கிறதில் ஒரு முறை உண்டு. ரொட்டியை யாரும் தானே எடுத்து வாயில் போட்டுக்கொள்ளக் கூடாது. பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர் பிட்டுக் கையில் தர வேண்டும், வாங்கிக்கொண்டு அடுத்தவருக்கு இவர் பிட்டுத் தர வேண்டும். சின்ன வயசிலிருந்து அப்படித்தான். அத்தான் ரொட்டியைப் பிட்டார். கை தானாகப் பக்கத்துக்கு நீண்டது. அங்கே ஜன்னல் இருந்தது.

தனக்குத் தானே கொடுத்துக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை. செல்போனில் ஜெபம் முடிந்து அடுத்த விளம்பரம் வந்துவிட்டது. ரொட்டியைத் துணியில் சுற்றி அலமாரியில், அந்தப் பாத்திரங்களின் மேலே வைத்தார்.

அன்றைக்கு மத்தியானம் அக்காவின் பாட்டையாவது பாடி ஜெபம் பண்ணுவோம் என்று முழங்காலில் நின்றிருக்கிறார். வாயைத் திறந்தார். ஒரே இடத்தில் நின்று முனகுகிற மாதிரி, அங்கங்கே ஒரு படி இறங்கி ஒரு படி ஏறி, அவருடைய பாகம் வந்தது. அது மட்டும்தான் வந்தது. மேலே ராகம் என்ன என்று யோசித்தார். தெரியவில்லை. எத்தனை அடக்கத்தில், எத்தனை ஞாயிற்றுக்கிழமையில் பாடிய பாட்டு. வார்த்தை தெரியும், தாளம் தெரியும், ராகம் தெரியாது. பாட்டு ஒரு வீடு என்றால் அவர் பாடினது ஒரு சுவர். வீட்டை அவர் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் எனக்குப் போன் வந்தது.

"ஏய் வாயாடி, உங்க அக்கா பாட்டு உனக்குத் தெரியுமா?"

"எந்தப் பாட்டு அத்தான்?"

"விளக்குப் பிடிப்பவரே. ராகத்தோட பாடு பாப்போம்."

நான் பாடினேன். எனக்குக் குரலும் கிடையாது, வேறு சபைக்காரி வேறே. இரண்டு வரி கேட்டார்.

"போதும். கழுதைக்கு சளி பிடிச்ச மாதிரி இருக்கு. வை போனை."

மகளிடம் கேட்டிருக்கிறார். அவள் செல்போனில் தேடி, அந்த வார்த்தைக்கு யார் யாரோ பாடின பாட்டெல்லாம் அனுப்பினாள். எல்லாம் வேறு ராகம். அது எந்த இசைத்தட்டிலும் இல்லை, எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்தச் சபையில் இருக்கிற கொஞ்சம் பேருடைய வாயில்தான் இருக்கிறது. அத்தான் பிறகு என்னிடம் சொன்னார்: "அவ போட்டோ இருக்கு, புடவை இருக்கு, செருப்புகூட இருக்கு. குரல் மட்டும் என்கிட்ட இல்ல. பொழுதன்னைக்கும் என் முன்னாடிதான் நின்னு பாடினா. நான்தான் வாங்கி வச்சுக்கல."

அதற்குப் பிறகு அவருக்கு ஜெபம் ஓடவில்லை. முழங்காலில் நின்றால் வாயில் கீழ்க்குரல் வரும். அதைக் கேட்க அவருக்கே பயமாக இருந்ததாம். செல்போனைச் சொம்பில் சாய்த்து வைப்பதையும் விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தேய்த்த சட்டை கொடியிலேயே தொங்கியது.

'அங்கே போய் இன்னொரு தடவை கேட்டால் என்ன?' என்று நான் கேட்டேன். "எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போறது? ஒருத்தரும் வான்னு சொல்லலையே" என்றார். அதுவும் உண்மைதான். அந்தப் போதகருக்குப் பிறகு ஒருத்தரும் வரவில்லை. அவ்வளவு பாத்திரம் கொண்டுவந்தவர்களில் ஒருத்தர்கூட அதைத் திரும்ப வாங்கக்கூட வரவில்லை.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் கம்பெனியில் காலர்காரி கையைத் தூக்கினாள். அவளுடைய மிஷினை மட்டும் அத்தான் அதுவரைக்கும் உதவி மெக்கானிக்கை விட்டுத்தான் பார்க்கச் சொல்லுவார். அன்றைக்கு உதவி ஆள் லீவு. வேறு வழியில்லாமல் போனார்.

"என்ன?"

"தையல் தாண்டுதுண்ணே. நாலு நல்லா விழுந்தா அஞ்சாவது விழல."

ஊசியை மாற்றிப் பார்த்தார். சரியாகவில்லை. ஊசி கீழே இறங்குகிற நேரமும் ஷட்டில் வந்து நூலைப் பிடிக்கிற நேரமும் ஒத்துவரவில்லை என்று தெரிந்தது. மேசைக்கு அடியில் தலையை விட்டு உட்கார்ந்தார். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. மிஷின் எல்லாம் நின்றது. எல்லாரும் எழுந்துபோனார்கள். காலர்காரி மட்டும், வேலை முடிந்தால் ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டுமே என்று, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வெட்டின காலர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்குகிறவள் தன்பாட்டுக்கு முனக ஆரம்பித்தாள்.

அத்தானுக்கு மிச்சம் இருக்கிற காதில் கேட்டதே அரைகுறை. ஆனால் வார்த்தை பிடிபட்டுவிட்டது. அடியில் இருந்தபடியே, எண்ணெய்க் கையோடு, விரல் காதுக்குள் போய்விட்டது. மேசைக்கு அடியிலிருந்து கீழ்க்குரல் எழும்பியது. காலர்காரி முதலில் மிஷின்தான் சத்தம் போடுகிறது என்று நினைத்தாளாம். அப்புறம் புரிந்து, நிறுத்தாமல் இரண்டு வரி பாடினாள். மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள்.

"ஏன் நிறுத்திட்டே?" என்றது கீழே இருந்து குரல்.

அவள் குனிந்து பார்த்தாள். "காதுல விரலை வச்சிருக்கீங்களேண்ணே. நான் நிறுத்தினது எப்படித் தெரிஞ்சுது?"

அத்தான் விரலை எடுத்துப் பார்த்தார். காதெல்லாம் எண்ணெய்.

"தெரியல. திடீர்னு கால் வைக்க இடமில்லாத மாதிரி ஆயிடுச்சு" என்றார்.

அப்புறம் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல்தான் பேசினார்கள். அவர் அடியில், அவள் ஸ்டூலில்.

"எனக்கு அந்த இடத்துல நிக்க ஆசை இல்லண்ணே. அக்கா பக்கத்துலயே நின்னு நின்னு கத்துக்கிட்டது. மருந்துக்கடை அண்ணன் நகரச் சொன்னாரு, நகர்ந்தேன். நீங்க இறங்கிப் போனதை நான் பார்க்கக்கூட இல்ல. பார்த்திருந்தா நானும் இறங்கியிருப்பேன்."

அடியில் அத்தான் திருகை இறுக்குகிற சத்தம் கேட்டது.

"பழைய கீழ்க்குரல்காரங்கள்ல நீங்க ஒருத்தர்தான் மிச்சம், இப்ப மூணு குரல்லதான் பாடுறோம். உங்க இடத்துல யாரையும் நிறுத்தல. நிறுத்த ஆளும் இல்ல. பாட்டு ஒரு கால் இல்லாத பெஞ்சு மாதிரி ஆடுது."

"ஓரமா உக்காந்து பழகிக்கோங்க" என்றார் அத்தான்.

"அதான் எல்லாரும் ஓரமா உக்காந்திருக்கோம். விழாம இருக்கோமே, அது பெருசு." காலர் அடுக்கைத் தட்டிக்கொண்டே, "உங்க வீட்ல கைப்பிடி வச்ச தூக்கு ஒண்ணு இருக்கும். மூடியில நெளிவு. அது என்னுதுண்ணே. கேக்க வெக்கமா இருந்துச்சு. என் வீட்டுக்காரர் வேலைக்குச் சோறு எதுல கொண்டு போறதுன்னு தினம் சண்டை."

அத்தான் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். "மிஷினை ஓட்டிப் பாரு" என்றார். ஓட்டினாள். தையல் சீராக விழுந்தது.

"உன்னுது மட்டும் இல்ல, உங்க எல்லாருதும் அங்கதான் கிடக்கு. வீடு வீடா என்னால அலைய முடியாது. சனிக்கிழமை பாட்டுப் பழகும்போது கொண்டாந்து போட்டுட்டுப் போறேன்" என்றார்.

போட்டுவிட்டுப் போகிறேன் என்றுதான் சொன்னார். அதை அவள் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பெரிய சாக்கில் பாத்திரத்தைக் கட்டி முதுகில் போட்டுக்கொண்டு ஆலயத்துக்குப் போனார். வருகிற சத்தம் தெருமுனையிலிருந்தே கேட்டதாம். பழைய பாத்திரக்காரன் இங்கே எதற்கு வருகிறான் என்று மருந்துக்கடைக்காரர் வெளியே எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"பாத்திரம் குடுக்க வந்தேன்" என்றார் அத்தான்.

சாக்கை அவிழ்த்துப் பெஞ்சில் ஒவ்வொன்றாக வைத்தார். எல்லாம் பளபளவென்று இருந்தது. பெண்கள் சுற்றி வந்தார்கள்.

"அடப்பாவி, இந்தக் கிண்ணத்துக்காக நான் என் மாமியார் மேல சந்தேகப்பட்டேனே" என்றாள் ஒருத்தி.

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் யாருக்கும் அடுத்தவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தப் பாத்திரம் இவ்வளவு காலம் அங்கே இருந்தது என்றால் அதற்கப்புறம் அந்த வீட்டுப் படி ஏறவில்லை என்றுதானே அர்த்தம்.

"நீங்க வாரா வாரம் போய்ப் பாக்கிறீங்கன்னுல்ல நான் இருந்தேன்?" என்று ஒருத்தி மருந்துக்கடைக்காரரைக் கேட்டாள்.

"நானா? பெண்கள் கூட்டத்துல இருந்து முறை போட்டுப் போறீங்கன்னு நினைச்சேன்."

"எங்ககிட்ட யாரு சொன்னா? போதகர் போறாருன்னு நாங்க..."

"அந்தப் போதகர் மாறிப் போய் எவ்வளவு நாளாச்சு!"

மருந்துக்கடைக்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு அத்தான் பக்கம் திரும்பி, "எல்லாரும் எல்லாரையும் நம்பிட்டோம் அண்ணாச்சி. உங்க வீட்டுக்குத்தான் ஒருத்தரும் வரல" என்றார்.

அத்தான் அதற்குக் கோபப்பட்டிருக்கலாம். பட வேண்டியதுதான். அவர் காலிச் சாக்கை மடித்துக்கொண்டே, "நானும்தான் வரல" என்றார். வாசலைப் பார்த்தார். போகவில்லை. "அவ பாட்டை ஒரு தடவை பாடுறீங்களா? எனக்கு அது தெரியாது" என்றார்.

"தெரியாதா! நீங்க பாடாத அடக்கமா?"

"என் பாகம் தெரியும். பாட்டு தெரியாது."

பாத்திரங்களைப் பெஞ்சிலேயே விட்டார்கள். வரிசையில் நின்றார்கள். அத்தான் கடைசி வரிசையில் தன் இடத்தில் போய் நின்றார். முன்னால் காலர்காரி. மருந்துக்கடைக்காரர் கையைத் தூக்கினார். அத்தானின் விரல் காதுப் பக்கம் போனது. பாதி வழியில் நின்றது. அவர் அந்தக் கையை எடுத்து இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார், பிள்ளையின் கையைப் பிடிப்பது போல.

பாட்டு எழுந்தது. நான் அங்கே இல்லை. இருந்தவள் காலர்காரி. அவளுக்கும் முதுகில் கண் கிடையாது. ஆனால் கீழ்க்குரல் முதல் சொல்லிலேயே தடுமாறிற்று என்கிறாள். இரண்டாவது வரியில் ஆர்மோனியக்காரர் சொன்ன மாதிரியே மேல்குரலுக்குப் பின்னால் ஓடிற்று, எட்ட முடியாமல் உடைந்தது, நின்றேபோயிற்று. யாரும் பாட்டை நிறுத்தவில்லை. மருந்துக்கடைக்காரர் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மூன்று குரலும் போய்க்கொண்டே இருந்தன. அத்தான் வாயை மூடிக்கொண்டு கேட்டார். வழி தெரியாத வேளையில் என்கிற இடத்தில் ராகம் அப்படி மேலே ஏறும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அவ குரல் இல்ல அது. அந்தப் பொண்ணோட குரல். ஆனா உங்க அக்கா ஏறி நின்ன இடம் அதுதான்னு தெரிஞ்சுது. இவ்வளவு உசரத்துல நின்னுக்கிட்டு இருந்திருக்கா, நான் கீழ குனிஞ்சுக்கிட்டே இருந்திருக்கேன்" என்று என்னிடம் சொன்னார்.

கடைசிச் சரணத்தில் மெதுவாகச் சேர்ந்துகொண்டாராம். காதைத் திறந்து வைத்தபடியே. இரண்டு இடத்தில் தப்பு. பரலோகம் இடிந்து விழவில்லை.

மறுநாள் தேய்த்த சட்டையைக் கொடியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு ஆராதனைக்குப் போனார். திருவிருந்து இருந்தது. பெஞ்சில் பக்கத்தில் மருந்துக்கடைக்காரர். பிட்டுக் கையில் வைத்த துண்டு பெரிதாக இருந்ததாம். "ரெண்டு மூணு தடவைக்கு உள்ளதை மொத்தமாக் குடுக்கிறாரு, மருந்துக்கடை புத்தி" என்றார் அத்தான். வாங்கிக்கொண்டு அடுத்திருந்தவருக்கு இவர் பிட்டுக் கொடுத்தார்.

வீடு என்னவோ அதே வீடுதான். மாடியில் இரண்டு அறை, கொடியில் ஒரு சட்டை, ஒரு டம்ளர். கண்ணாடி வைத்த இடத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு சாயங்காலமும் யாராவது படியேறுகிறார்கள் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். காலர்காரியின் வீட்டுக்காரர் எப்போதாவது வருவார், மருந்துக்கடைக்காரர் கடை அடைத்துவிட்டு வந்து கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார். மற்ற நேரமெல்லாம் அத்தான் தனியாகத்தான் இருக்கிறார். அலமாரியில் பாத்திரம் இருந்த இடம் வெறுமையாக இருக்கிறது என்று ஒரு நாள் குறைபட்டுக்கொண்டார்.

போன வாரம் போனில் பேசும்போது, "அத்தான், இப்பத்தான் பாட்டு தெரிஞ்சுடுச்சே, பாடுங்க, நான் கேக்கிறேன்" என்றேன்.

செருமுகிற சத்தம் கேட்டது. பிறகு பாடினார். ஒரே இடத்தில் நின்று முனகுகிற அதே கீழ்க்குரல். ஒரு படி இறங்கி ஒரு படி ஏறி.

"இதுவா? மேல்ராகம் எங்க அத்தான்?"

"அது என்கிட்ட தங்க மாட்டேங்குது வாயாடி. தெருமுனை திரும்பறதுக்குள்ள போயிடுது" என்றார். "ஞாயித்துக்கிழமை மறுபடி போய்த்தான் கேக்கணும்."